மாங்கன்று நர்சரி வெப்சைட்டுக்கு எந்தக் கீவேர்டு?

போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா பல வருடமாக ஒட்டு மாங்கன்று நர்சரி நடத்துகிறார். மகன் வெப்சைட் போட்டு 8 மாதம் ஆகிறது. செய்துகொடுத்தவர் மாம்பழம், மாங்கன்று, செடி, நர்சரி, கிருஷ்ணகிரி என்று 40 கீவேர்டுகளை உள்ளே போட்டிருக்கிறாராம். கூகுளில் தேடினால் எங்கும் தென்படவில்லை. "எந்தக் கீவேர்டைப் போட்டால் அண்ணா மேலே வரும்?" என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்த 40 சொற்களை மறந்துவிடுங்கள். அவை பார்ப்பவர் கண்ணில் படாத மெட்டா கீவேர்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த அந்த இடத்தைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களையெல்லாம் ஆளாளுக்கு அங்கே கொட்டி வைத்ததால் வந்த வினை. அந்த 40 சொற்களால் உங்களுக்குக் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

நான் தருமபுரியில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கும் பண்ணைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்து தருகிறேன். வருகிற எல்லோரும் உங்களைப் போலவே "எந்தச் சொல்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு போன் செய்கிறவர் யார்? எடுத்தவுடன் என்ன சொல்லிக் கேட்கிறார்?" கீவேர்டு என்பது வாங்க வருபவர் வாயிலிருந்து வருகிற சொல். அதை நாம் உட்கார்ந்து யோசித்து உருவாக்க முடியாது, கேட்டுத்தான் எடுக்க முடியும்.

உங்கள் நர்சரியையே எடுத்துக்கொள்வோம். ஊத்தங்கரை பக்கம் 2 ஏக்கர் நிலத்தில் மா வைக்க நினைக்கிற விவசாயி ஒருவர். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் வாங்கிப்போட்ட நிலத்தில் நாலு மரம் வைக்க ஆசைப்படுகிறவர் இன்னொருவர். ஓசூரில் மொட்டை மாடியில் தொட்டி வைத்துச் செடி வளர்க்கும் அக்கா. லோடு கணக்கில் எடுத்துப்போய் வேறு ஊரில் விற்கிற வியாபாரி. இந்த நாலு பேரும் வாங்குவது மாங்கன்றுதான், ஆனால் தேடும்போது ஒரே மாதிரி தேட மாட்டார்கள். விவசாயி "ஒரு ஏக்கருக்கு எத்தனை மாஞ்செடி" என்று கேட்பார். பெங்களூர்க்காரர் ஆங்கிலத்தில் அல்போன்சா கன்று விலை என்று தட்டுவார். மாடித்தோட்டத்து அக்கா "தொட்டியில் வளரும் மாமரம்" என்று தேடுவார். வியாபாரிக்கு வேண்டியது மொத்த விலையும் ஒரு போன் நம்பரும்.

உங்கள் முகப்புப் பக்கத்தில் இருப்பதோ "தரமான மாங்கன்றுகள் கிடைக்கும்" என்ற ஒரு வரி. இந்த நாலு பேரில் எவருடைய கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

அதனால் எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்கி போன் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரம், வருகிற ஒவ்வொரு அழைப்பிலும் அவர் கேட்ட முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம், இலக்கணம் பார்க்க வேண்டாம். "மாஞ்செடி இருக்குதுங்களா", "ஒட்டுச்செடி என்ன ரேட்டு", "பெங்களூரா 300 செடி வேணும்", "இது எத்தனை வருஷத்துல காய்க்கும்" என்று எது வந்தாலும் எழுதுங்கள். புத்தகமும் அரசு அறிக்கையும் மாங்கன்று என்று எழுதும். போனில் வருகிறவர் செடி என்பார், ஒட்டு என்பார். இரண்டும் தேடலில் இருக்கும். வாட்ஸப்பில் வந்த பழைய கேள்விகளையும் புரட்டிப் பாருங்கள். அவர்கள் விரலால் தட்டிய எழுத்து அங்கே அப்படியே இருக்கிறது.

நம் பக்கத்தில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஒரே மாவுக்குப் பல பெயர்கள். கூழ் கம்பெனிகளுக்கு அதிகம் போகிற ரகத்தை நாம் பெங்களூரா என்கிறோம். வேறு ஊர்களில் அதுவே கிளிமூக்கு. வெளிமாநிலத்துக்காரருக்கு அது தோத்தாபுரி. ஆங்கிலத்தில் தேடுகிறவர்களும் பெரும்பாலும் தோத்தாபுரி என்றே தட்டுவார்கள். மூன்று பெயருக்கு மூன்று பக்கம் போடாதீர்கள். ஒரே பக்கத்தில், "எங்கள் பக்கம் பெங்களூரா என்றும் சில ஊர்களில் கிளிமூக்கு என்றும் வடக்கே தோத்தாபுரி என்றும் சொல்வது இந்த ரகத்தைத்தான்" என்று இயல்பாக ஒரு வரி எழுதுங்கள். வாசிக்கிறவருக்கு அது தகவல், தேடுபொறிக்கு அதுவே அடையாளம். பெங்களூரா என்று மட்டும் எழுதினால் பெங்களூரு நகரத்தோடு குழம்பக்கூடும். செந்தூரா என்று மட்டும் எழுதினாலும் அது குங்குமமா மாம்பழமா என்ற சந்தேகம் வரும். ரகத்தின் பெயரோடு மாங்கன்று, ஒட்டுச்செடி என்று சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். அரசு தருமபுரி என்று எழுதுகிறது. பேச்சிலும் பலர் தட்டுவதிலும் தர்மபுரி. ஓசூரை ஒசூர் என்று குறிலில் எழுதுகிறவர்களும் உண்டு. ஒகேனக்கல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் எச் போட்டும் போடாமலும் எழுதுகிறார்கள். தெலங்கானாவில் நரசிம்மர் கோயிலுக்குப் பேர்போன தர்மபுரி என்ற ஊர் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை மட்டும் போட்டால் எந்த ஊர் என்று கூகுள் ஊகித்தாக வேண்டும். ஆகவே ஊரோடு மாவட்டம், மாநிலம், பக்கத்துப் பெரிய ஊர் என்று ஒரு முழு முகவரி ஒவ்வொரு முக்கியப் பக்கத்திலும் இருக்கட்டும். போச்சம்பள்ளி தெரியாதவருக்கு கிருஷ்ணகிரி தெரியும்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கு என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். மாம்பழத்தின் ழகரத்தை எல் போட்டு எழுதுகிறவர் உண்டு, இசட்-எச் போட்டு எழுதுகிறவர் உண்டு. எல்லா எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் அடுக்கினால் பார்க்கவே அலங்கோலமாக இருக்கும், சொல் திணிப்பு என்று கூகுளின் விதியும் அதைத் தடுக்கிறது. பரவலான ஒரு வடிவத்தைப் பக்கத்தின் இணைய முகவரியிலும் (யூஆர்எல்) படத்தின் விளக்கத்திலும் ஒருமுறை வையுங்கள், போதும். முகவரி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்க முகவரியைத் தமிழ் எழுத்தில் வைத்தால் கூகுள் படித்துக்கொள்ளும், ஆனால் அதை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக நீண்டுவிடும். வாட்ஸப்பில் பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடாமல் போவார். முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நோட்டு நிறைந்ததா? இப்போது கூகுளுக்கு வரலாம். பிரவுசரில் உங்கள் பழைய தேடல்கள் கலக்காத இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து நோட்டில் உள்ள சொல்லைத் தட்டி ஒரு இடைவெளி விடுங்கள். கீழே விரிகிற பரிந்துரைகள் உண்மையில் மக்கள் தேடியவற்றிலிருந்து வருபவை. "மாங்கன்று" தட்டி, பிறகு அதோடு வி, ந, எ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். வருவதை நோட்டில் அந்தந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம் ஒவ்வொன்றையும் முழுதாகத் தேடி, முதல் பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற வேலை இது. 2002-ல் ஆண்ட்ரே பிரோடர் என்ற ஆய்வாளர் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. இன்றைக்கும் இந்தப் பிரிவுதான் அடிப்படை. ஒரு சொல்லுக்கு வரைபடமும் கடைப்பட்டியலும் வந்தால், தேடுகிறவர் வாங்க வந்திருக்கிறார் என்று கூகுள் புரிந்துவைத்திருக்கிறது. யூடியூப் காணொளிகளும் வேளாண் பல்கலைக்கழகப் பக்கங்களும் வந்தால் அவர் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். வாங்க வருகிறவரின் சொல்லுக்கு நீங்கள் நீளமான கட்டுரை எழுதினாலும், கற்றுக்கொள்ள வருகிறவரின் சொல்லுக்கு விலைப்பட்டியல் வைத்தாலும் மேலே வருவது கடினம்.

இதை நான் ஒகேனக்கல்லில் கற்றேன். பென்னாகரம் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் லாட்ஜுக்கு வெப்சைட் செய்தேன். ஒகேனக்கல் லாட்ஜ், அறை வாடகை என்ற சொற்களை வைத்து எல்லாப் பக்கத்தையும் எழுதினோம். மாதக்கணக்கில் அசையவில்லை. அந்தச் சொற்களுக்குப் பெரிய முன்பதிவுத் தளங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தன. ஒருநாள் லாட்ஜ்காரரோடு உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். வந்த போன் ஒவ்வொன்றிலும் முதல் கேள்வி, "இன்னைக்குத் தண்ணி எவ்வளவு வருது, பரிசல் ஓடுதா?" காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடும். குடும்பத்தோடு கிளம்புகிறவருக்கு அறை இருக்கிறதா என்பது அதற்கப்புறம்தான். தண்ணீர் கூடும் மாதங்கள் எவை, தடை போட்டால் எதையெல்லாம் பார்க்கலாம், பரிசலுக்கு எங்கே சீட்டு வாங்குவது என்று ஒரு பக்கம் எழுதி, கீழே லாட்ஜின் போன் நம்பரை வைத்தோம். அந்தப் பக்கம்தான் அந்தத் தளத்துக்கு முதலில் ஆள் கொண்டுவந்தது. லாட்ஜ் என்ற சொல் அதில் இரண்டோ மூன்றோ இடத்தில்தான் இருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. ஏக்கருக்கு எத்தனை கன்று என்பது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் வைத்தால் ஏக்கருக்கு 40 கன்று. அடர் நடவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் 160. இந்தக் கணக்கைத் தேடுகிறவர் மாம்பழப் படம் பார்க்க வந்தவர் இல்லை, நிலத்தை உழுது வைத்திருக்கிறவர். அவரிடம் 2 ஏக்கர் இருந்தால் அடர் நடவுக்கு 320 கன்று வேண்டும். மாம்பழம் என்ற ஒற்றைச் சொல்லைத் தேடுகிறவர்கள் ஏராளம்தான், ஆனால் அவர்களில் ஒருவருக்கு சமையல் குறிப்பு வேண்டும், ஒருவருக்கு சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா என்று தெரிய வேண்டும், ஒருவருக்குப் பள்ளிக் கட்டுரை. அந்தக் கூட்டத்தில் முண்டியடித்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மாதத்துக்கு நாலு பேர் மட்டுமே தேடுகிற சொல் என்றாலும், அந்த நாலு பேரும் நடவுக்குக் குழி எடுத்து வைத்திருந்தால் அதுதான் உங்கள் சொல்.

கூகுளின் கீவேர்டு பிளானரையும் பாருங்கள். விளம்பரக் கணக்கு ஒன்று திறந்தால் இலவசம். விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவர்களுக்கு அது துல்லியமான எண் காட்டாது, 100 முதல் 1,000 வரை என்பது போல அகலமான வீச்சுதான் காட்டும். தமிழ்ச் சொற்களுக்குப் பல நேரம் எதுவுமே காட்டாது. இதைப் பார்த்துவிட்டு "தமிழில் யாரும் தேடுவதில்லை" என்று முடிவுகட்டி, முழுத் தளத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றிய நர்சரிக்காரர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. தினமும் வருகிற தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் தாங்கள் பார்த்தே இராதவை என்று கூகுளே பலமுறை சொல்லியிருக்கிறது. பேசித் தேடுகிறவர்கள் முழு வாக்கியமாகவே கேட்கிறார்கள். அப்படிப்பட்டவை எந்தக் கருவியின் பட்டியலிலும் இருக்காது. உங்கள் நோட்டில் ஒரு கேள்வி மூன்று முறை வந்திருந்தால், பிளானர் பூஜ்யம் காட்டினாலும் அதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள்.

எத்தனை பக்கம் என்பதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மாங்கன்று விலை, மாஞ்செடி விலை என்ற இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். முதல் பத்து முடிவுகளில் பெரும்பகுதி ஒன்றாகவே இருந்தால் கூகுள் இரண்டையும் ஒரே தேவையாகப் பார்க்கிறது என்று அர்த்தம், ஒரே பக்கம் போதும். இரண்டு பக்கம் போட்டால் உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முடிவுகள் வேறு வேறாக இருந்தால் இரண்டு பக்கம் போடலாம். ரகம்வாரியாகப் பக்கம் போடுவதும் நல்லதுதான், ஒவ்வொரு ரகத்தைப் பற்றியும் தனியாகச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால். அல்போன்சா ஒரு வருடம் நிறையக் காய்த்தால் அடுத்த வருடம் குறையும், நீலம் அநேகமாக வருடாவருடம் காய்க்கும், பெங்களூராவுக்குக் கூழ் கம்பெனிகளில் தேவை அதிகம், மல்லிகா நீலத்தையும் தசேரியையும் கலந்து உருவான ரகம். இதெல்லாம் உங்கள் அப்பாவுக்குக் கைவந்த விஷயம். அவரைப் பேசவிட்டு போனில் பதிவுசெய்து எழுதுங்கள். வேறு தளத்தில் பார்த்து எழுதுகிறவரிடம் இல்லாத சொற்கள் அவர் பேச்சில் தானாக விழும்.

ஊர் ஊராகப் பக்கம் போடுகிற பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. மாங்கன்று பர்கூர், மாங்கன்று காவேரிப்பட்டணம், மாங்கன்று பாலக்கோடு, மாங்கன்று அரூர் என்று ஒரே பக்கத்தை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 30 முறை போடுவார்கள். வாசல் பக்கங்கள் என்று பெயரிட்டு கூகுள் இதை ஸ்பாம் விதிகளில் சேர்த்திருக்கிறது. எந்த ஊருக்கு வண்டி அனுப்புகிறீர்கள், எத்தனை கன்றுக்கு மேல் எடுத்தால் வண்டி வாடகை இல்லை என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள், ஊர்ப் பெயரெல்லாம் அதிலேயே நியாயமாக வந்துவிடும். கூகுள் மேப்பில் உங்கள் நர்சரியின் பெயரும் பலகையில் உள்ளபடியே இருக்கட்டும். பெயரோடு "சிறந்த மாங்கன்று மலிவு விலை" என்றெல்லாம் ஒட்டுவது விதிமீறல், பட்டியலையே முடக்கிவிடக்கூடும்.

சொல்லை எங்கே வைப்பது? கூகுள் முடிவில் தெரிகிற பக்கத்தின் டைட்டிலில், பக்கத்துக்குள் மேலே தெரிகிற தலைப்பில், முதல் பத்தியில், படங்களின் விளக்கத்தில், மற்ற பக்கங்களிலிருந்து இங்கே வருகிற இணைப்பின் எழுத்தில். அவ்வளவுதான். நூறு சொல்லுக்கு இத்தனை முறை வர வேண்டும் என்று சதவீதக் கணக்கு சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். 2019 டிசம்பரில் பெர்ட் என்ற மொழிப்புரிதல் முறையைக் கூகுள் 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குக் கொண்டுவந்தது, தமிழும் அதில் உண்டு. அதனால் மாங்கன்று, மாங்கன்றுகள், மாங்கன்றின் விலை என்று தமிழில் வருகிறபடி வேற்றுமை உருபோடு எழுதுங்கள். கீவேர்டு கெட்டுவிடும் என்று "மாங்கன்று விலை கிருஷ்ணகிரி நாங்கள் தருகிறோம்" என்று முறிந்த தமிழ் எழுதுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். கூகுள் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வருகிற இரண்டு வரி விளக்கம் வரிசையை மாற்றாது. ஆனால் தேடுகிறவர் அதைப் படித்துத்தான் உள்ளே வரலாமா என்று முடிவுசெய்கிறார். அதில் விலையோ வண்டி வசதியோ தெரியட்டும்.

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். மா நடவு பெரும்பாலும் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. மழை விழுந்த பிறகு பக்கம் போட்டால் அது கூகுளில் ஊன்றி நிற்பதற்குள் சீசன் முடிந்துவிடும். ஏப்ரல், மே மாதத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரி மண்டிகளுக்கு மாங்காய் வரத்து இருக்கும்போதே, கன்றுப் பக்கங்கள் தயாராக இருக்க வேண்டும். ஊரெல்லாம் பழம் தின்கிற மாதத்தில்தான் இந்த ரகம் நம் தோட்டத்தில் இருந்தால் என்ன என்ற நினைப்பும் வருகிறது. கூகுள் டிரெண்ட்ஸில் ரகப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். அது எத்தனை பேர் என்று சொல்லாது, உச்சத்தை 100 என்று வைத்து மற்ற வாரங்களை ஒப்பிட்டுக் காட்டும். எந்த வாரத்தில் ஏற்றம் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

மூன்று மாதம் கழித்துக் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறங்கள். இதுவும் இலவசம், தளம் உங்களுடையது என்று உறுதிசெய்தால் போதும். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். நீங்கள் தேட வேண்டியது 8-ஆவது இடத்திலிருந்து 20-ஆவது இடத்துக்குள் நிற்கிற சொற்களை. கூகுள் உங்களைச் சம்பந்தப்பட்டவராக ஏற்றுக்கொண்டுவிட்டது, பதில் போதவில்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பத்தியோ ஒரு படமோ சேருங்கள். நீங்கள் எழுதாமலே வந்து நிற்கிற சொற்களும் இருக்கும். "மாஞ்செடி இலை கருகுது" என்று ஏதாவது வந்திருந்தால் அது நோட்டில் அடுத்த வரி.

இன்னும் ஒன்று, இதை மனதார வேண்டிக் கேட்கிறேன். தேடல் அதிகம் உள்ள சில சொற்கள் உங்களை இழுக்கும். "ஆறே மாதத்தில் காய்க்கும் மா", "அரசு மானியத்தில் மாங்கன்று" போன்றவை. மானியத் திட்டத்தில் நீங்கள் கன்று கொடுப்பதில்லை என்றால் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். தொட்டிச் செடியில் சீக்கிரம் பூ வரலாம், அதைக் கிள்ளிவிடச் சொல்லி அப்பாவே அறிவுரை சொல்வார். மற்றத் தொழிலில் பொருள் சரியில்லை என்றால் வாரத்தில் தெரிந்துவிடும். மாங்கன்றில் ரகம் மாறியது தெரிய நாலைந்து வருடம் ஆகிறது. அதற்குள் அந்த விவசாயி தண்ணீரும் உரமும் ஆள் கூலியும் போட்டிருப்பார். எந்தச் சொல்லைப் பார்த்து அவர் உங்களிடம் வந்தாரோ, அந்தச் சொல் மரத்தில் காய்த்திருக்க வேண்டும். தாய்மரத்தின் படம், ஒட்டுக் கட்டிய மாதம், ரகம் மாறிப்போனால் என்ன செய்வீர்கள் என்ற உறுதி, இவற்றை ரகப் பக்கத்தில் எழுதுங்கள். நம்பகமான மாங்கன்று நர்சரி என்று தேடுகிறவருக்கும் அதுவே பதில்.

போனை அதிகம் எடுப்பது அப்பாவாகத்தான் இருக்கும். அதனால் நோட்டை அவர் உட்காருகிற இடத்தில் வையுங்கள், பேனாவைக் கயிற்றில் கட்டி. அவர் எழுத மாட்டார் என்றால் ராத்திரி சாப்பிடும்போது கேட்டு நீங்கள் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புங்கள் தம்பி, பெங்களூரா பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.